பிஸ்மத்தும் தேய்கிறது: எண்ணிக் காட்டிய விஞ்ஞானிகள்

எமது பாடசாலைக் காலத்து இரசாயன நூல்கள் ஒரு செய்தியை ஐயமின்றிக் கூறின. யுரேனியம், தோரியம், ரேடியம் ஆகிய பாரமான மூலகங்கள் கதிர் வீசித் தேய்கின்றன. பிஸ்மத் என்னும் உலோகமோ என்றும் நிலையானது. 2003ஆம் ஆண்டில் இக்கூற்றைத் திருத்தி எழுத வைத்தவர்கள், எம்மவர் பலர் வாழும் பாரிஸ் மாநகருக்குத் தெற்கேயுள்ள ஓர்சே நகரத்து விண்வெளிப் பௌதிக நிலையத்தின் ஆய்வாளர்கள்.

பிஸ்மத்தின் கரு என்றோ ஒருநாள் அல்பா துணிக்கையை உமிழ்ந்து தாலியமாக மாறவேண்டும் என்பது கணக்களவில் முன்னரே அறியப்பட்டிருந்தது. கண்டவர்தாம் எவருமிலர். காரணம், அதன் அரைவாழ்வுக்காலம். 19 என்ற எண்ணின் பின் 18 பூச்சியங்களை இட்டால் எத்தனை ஆண்டுகளோ, அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளைப் போல் அது நூறு கோடி மடங்குக்கும் மேல்!

அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? ஓர் அணுவின் முன் காத்திருப்பது வீண். ஆனால் ஒரு கிராம் பிஸ்மத்தில் உள்ள அணுக்களோ கோடி கோடி கோடிக்கும் மேற்பட்டவை. ஆகவே அந்த ஒரு கிராமில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூறு அணுக்கள் சிதையும். அதாவது மூன்று நான்கு நாட்களுக்கு ஒன்று.

அந்த ஒன்றைப் பிடிப்பதே அரிது. உமிழப்படும் துணிக்கை உலோகத்தை விட்டு வெளிவருமுன்னரே பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே ஆய்வாளர்கள் பிஸ்மத் கலந்த பளிங்கையே கருவியாக்கினர். தனிப்பூச்சிய வெப்பநிலையை அண்மிக்கும்வரை அதனைக் குளிரூட்டினர். அக்கடுங்குளிரில் ஒரே அணு சிதைந்தாலும் பளிங்கு அளக்கத்தக்க அளவு சூடேறும். மெல்லிய ஒளியும் எழும். வெப்பத்தையும் ஒளியையும் ஒருங்கே நோக்கினால், அல்பா துணிக்கையையும் ஏனைய கதிர்களையும் வேறுபடுத்தலாம். 5 நாட்களில் அவர்கள் எண்ணியவை 128 சிதைவுகள்.

பிஸ்மத் சேர்ந்த வயிற்று மருந்தை உட்கொள்வோர் அஞ்சவேண்டுமா? வேண்டியதில்லை. எம் உடலிலுள்ள பொற்றாசியத்தில் மாத்திரம் விநாடிதோறும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. அதன் முன் பிஸ்மத்தின் கதிர் ஒரு பொருட்டன்று.

எனினும் நூல்களில் 'நிலையானது' என்று எழுதப்பட்ட ஒரு சொல், ஐந்து நாள் பொறுமையான எண்ணிக்கையின் முன் நிலைக்கவில்லை. எம் பிள்ளைகள் கற்கும் அட்டவணையிலே இன்று, நிலையான சமதானி உள்ள மூலகங்களுள் மிகப் பாரமானது ஈயமே.