எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மூடி

மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, கடலோரத்தில் ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் மோட்டார். தமிழ்நாட்டில் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இன்று பெரும்பாலும் இவற்றில்தான் உயிரோடு இருக்கிறது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, பிறகு ஆர்எக்ஸ் 100, புகை கக்கிய ஆட்டோக்கள் என்று அது சாலையை நிறைத்திருந்த காலம் போய்விட்டது. மூட்டை சுமக்கும் எக்ஸ்எல் மொபெட்கூட 2015-ல் எக்ஸ்எல் 100 ஆனபோது ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறிக்கொண்டது. வண்டி போனாலும் அதோடு வளர்ந்த கைப்பழக்கம் போகவில்லை. ஆயில் பாட்டிலின் மூடியால் அளப்பதும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மூடி சேர்ப்பதும், கலந்து மீந்ததை அடுத்த மருந்தடிப்பு வரை கேனிலேயே விட்டுவைப்பதும் இன்றும் நடக்கின்றன. அந்தக் கூடுதல் மூடி இன்ஜினைக் காப்பதில்லை என்பதும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் ஆயில் அளவைவிடக் கேனில் கிடக்கும் பழைய கலவைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் அடியில் தனியாக நிற்கும். தேவையான இடங்களுக்கு அங்கிருந்து போய்த் திரும்பும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு சேமிப்பு இல்லை. காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் நுழைகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் ஏறி சிலிண்டருக்குள் போகின்றன. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், பிஸ்டன், போர் ஆகிய எல்லாவற்றுக்கும் எண்ணெய்ப் பசை கிடைப்பது அந்தப் பெட்ரோலில் கரைந்திருக்கும் ஆயிலிலிருந்துதான். கேனில் ஆயில் ஊற்றும் கைதான் இந்த இன்ஜினின் ஆயில் பம்ப். வெறும் பெட்ரோலில் முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: பிரஷ் கட்டர் என்றாலே டூ-ஸ்ட்ரோக் என்று நினைத்துவிடக் கூடாது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 போன்ற சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களோடும் அவை வருகின்றன. இன்ஜினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். அதன் டேங்கில் வெறும் பெட்ரோல் மட்டுமே ஊற்ற வேண்டும்.

எவ்வளவு ஆயில் என்ற கேள்விக்கு வரலாறு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. 1950-களின் மொபெட்களுக்கு 16:1, 20:1 என்று சொன்னார்கள். இன்று பெரும்பாலான கைக்கருவிகளுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இடையில் பேரிங்குகள் மேம்பட்டன என்பது உண்மை. ஆனால் ஆயில் மாறியதும் அதே அளவு பெரிய காரணம். அன்று கலந்தது சாதாரண மினரல் ஆயில். டூ-ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் இன்றைய டூ-டி ஆயில் பெட்ரோலில் எளிதில் கரையவும், சாம்பல் அதிகம் விடாமல் எரியவும், புகையைக் குறைக்கவும் தயாரிக்கப்படுகிறது. ஆகவே விகிதம் என்பது இன்ஜினுக்கு மட்டும் உரியதல்ல, ஆயிலுக்கும் உரியது. சில கருவிகளின் கையேட்டில் ‘எங்கள் ஆயில் என்றால் 50:1, வேறு ஆயில் என்றால் 25:1’ என்று இருப்பதை வியாபாரத் தந்திரம் என்று மட்டும் பார்க்கத் தேவையில்லை. வேறு ஆயிலின் தரம் தெரியாததால் கம்பெனி தன் பக்கம் பாதுகாப்பு வைத்துக்கொள்கிறது. பாட்டிலின் பின்புறம் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. ஜப்பானியர்கள் வகுத்த இந்தத் தரவரிசையில் எஃப்பி-யைவிட எஃப்சி-யும், அதைவிட எஃப்டி-யும் மேல். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் மலிவாகக் கிடைத்தாலும் பிரஷ் கட்டருக்கு ஆகாது. அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது, காற்றால் குளிரும் இன்ஜின் அதைவிடச் சூடாக ஓடும். பைக்கின் இன்ஜின் ஆயிலோ இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும்.

சரி, நல்ல ஆயிலாகவே கொஞ்சம் கூட ஊற்றினால் என்ன? இது தனிமனித ஆசை மட்டுமல்ல, ஒரு காலத்தில் தெற்காசிய நகரங்களின் பொதுப் பழக்கம். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் புகை பற்றி உலக வங்கி 2000-ல் வெளியிட்ட ஆய்வு, அதிக ஆயில் அதிகப் பாதுகாப்பு என்று நம்பி ஆட்டோ ஓட்டுநர்கள் தேவைக்கு மேல் ஊற்றியதைப் பதிவு செய்தது. டெல்லியில் 1998 இறுதியோடு உதிரி டூ-டி ஆயில் விற்பனையைத் தடுத்து, பங்க்கிலேயே அளந்து கலந்து தரும் முறையைக் கொண்டுவந்ததற்கும் இதுதான் காரணம். அங்கே கவலை காற்றைப் பற்றி. ஆனால் கூடுதல் ஆயில் இன்ஜினுக்கும் நல்லது செய்யவில்லை. எரியாமல் மீந்த ஆயில் கார்பனாகி ரிங்கை அதன் பள்ளத்தில் ஒட்டவைக்கும், சைலன்சர் வாயை அடைக்கும், பிளக்கை நனைக்கும். மூச்சு அடைபட்ட இன்ஜின் இழுக்காது. இழுக்கவில்லை என்று அதையே இன்னும் முறுக்குவோம். கார்ட் பந்தய இன்ஜின்கள் 16:1, 20:1 கலவையில் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஓடுகின்றன, நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் அந்த இன்ஜினைச் சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து ரிங், பிஸ்டன் மாற்றுகிறார்கள். ஸ்பிரேயருக்கு அப்படி யார் செய்வார்கள்? பழைய மொபெட்டில் குத்துமதிப்பாக ஊற்றியே இருபது வருடம் ஓட்டினார்களே என்றால், அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் மொபெட் பாதி ஆக்ஸிலரேட்டரில் எதிர்க்காற்று வாங்கிக்கொண்டு ஓடியது. பிரஷ் கட்டர் நின்ற இடத்தில் வெயிலில் முழு வேகத்தில் ஓடுகிறது.

அந்த மொபெட் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பெட்ரோல்தான். இந்தியா 2022 ஜூனில் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2025-ல் 20 சதவீதம். சிறு இன்ஜின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9, 20 சதவீதக் கலப்பான இ20-க்கு ஏறத்தாழ 13.5. காரின் கம்ப்யூட்டர் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். ஸ்பிரேயரின் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதன் ஜெட் பழைய கணக்கிலேயே விடும். விளைவாகக் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். சூடாகிறதே என்று ஆயிலை இரட்டிப்பாக்கினால், அதே ஜெட் வழியே போகும் பெட்ரோலில் சுமார் 2 சதவீதத்தின் இடத்தை ஆயில் பிடித்துக்கொண்டு கலவை மேலும் மெலியும். அளவு சிறியதுதான், திசை தவறு. இதற்கு மருந்து கார்புரேட்டர் ஸ்குரூவில் இருக்கிறது. திருத்தும் வசதி உள்ள மாடலில் மெக்கானிக் முழு வேகத்தில் வைத்துச் சரிசெய்யலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஓர் அளவுக்குத்தான். 10 சதவீதக் கலப்பில் லிட்டருக்கு 5 மில்லி அளவில், அதாவது ஒரு டீஸ்பூனில், பொறுமை தீர்ந்துவிடும். எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் மேலே நிற்கும். ஆயில் எத்தனால்-தண்ணீரில் கரையாது, அது பெட்ரோலோடு மேலேயே இருந்துவிடும். எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? டேங்கின் அடியில். லிட்டருக்கு 20 மில்லி கணக்காக அளந்து கலந்தவரின் இன்ஜின்கூட ஆயிலே இல்லாத நீரைக் குடிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. இ20 பிரிவதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வேண்டுமே என்று சொல்லலாம், அது உண்மை. பிரிந்துவிட்டால் அடியில் தங்குவதும் கேனின் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். நன்றாக மூடிய கேனுக்குள் ஈரக்காற்றால் மட்டும் அவ்வளவு தண்ணீர் சேராது. மருந்து கலக்கிய அதே புனலால் பெட்ரோல் ஊற்றுவதும், மூடி தொலைந்த கேனைத் துணி சுற்றி மோட்டார் கொட்டகையில் வைப்பதும்தான் சேர்க்கும்.

அப்படியானால் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்து எடுத்துவிட்டு மேலே நிற்பதைப் பயன்படுத்தலாமே என்று ஒரு யோசனை உலவுகிறது. எத்தனாலோடு ஆக்டேனும் போய்விடும். நனைந்த பெட்ரோல்தான் மிஞ்சும். விலை உயர்ந்த ஹை ஆக்டேன் பெட்ரோலும் விடை அல்ல. ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன். பெட்ரோலின் பலத்தை அளக்கும் எண் அல்ல. 91 ஆக்டேனே போதும் என்று இருக்கும் இன்ஜினுக்கு 100 ஊற்றினாலும் அது கூடுதலாக இழுக்காது. ஸ்வீடனில் 1980-களின் இறுதியிலிருந்து இதற்கென்றே தயாரித்த, எத்தனால் இல்லாத, ஆயிலும் கலந்த அல்கைலேட் பெட்ரோல் கேனில் விற்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அது கிடைத்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

கிடைக்காத நிலையில் செய்யக்கூடியது எளிது. மூடியை விட்டுவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கலாம். லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச் என்றால் 50:1, ஒன்றேகால் என்றால் 40:1. கருவியின் டேங்கில் கலக்காமல், உலர்ந்த கேனில் பாதிப் பெட்ரோலோடு ஆயிலைக் குலுக்கி, மீதியை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். அன்றைய வேலைக்குத் தேவையானது மட்டும் போதும். எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வேலை முடிந்து கருவியை ஒதுக்கிவைக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காய்ந்து தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டால் உள்ளே பிசின் பிடிக்காது. மீந்த நல்ல கலவையை, வீட்டில் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் ஊற்றித் தீர்க்கலாம். புதிய பைக்கில் மட்டும் வேண்டாம். அந்த ஆயில் புகை அதன் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது.