அட்டைப் பெட்டியும் முத்துச் சிப்பியும்

பள்ளிமுனையில் ஒருவர் 'அட்டை' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது கடலட்டையே. கடலடியிலிருந்து எடுத்து, அவித்து, உலர்த்தி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்படும் அவ்வுயிரினம் மன்னார்க் கரையோரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகின்றது. ஆகையால், சென்ற விடுமுறையில் நாம் அவ்வூருக்குப் போயிருந்தபொழுது, "கனடாவிலிருந்து மாமா ஒரு பெட்டி அட்டை அனுப்பியிருக்கிறார், ஐயா!" என்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து சொன்னதும் எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல, மன்னாருக்கே அட்டை அனுப்புவாரும் உளரோ என்று எண்ணினோம்.

அச்சிறுவனின் தந்தை முன்னொரு காலத்தில் எம்மிடம் கணிதம் பயின்றவர். திருக்கேதீச்சரத்துக்கு வழிபாட்டுக்காக வந்த நாம், பாலத்தைக் கடந்து தீவினுட் சென்று, அவர் இல்லத்திலும் ஒரு நாள் தங்கினோம். சிறுவன் கொணர்ந்து காட்டிய பெட்டியைக் கண்ட பின்னரே எமது பிழை விளங்கிற்று. அது சாகச வீரர்களின் படம் அச்சிட்ட விளையாட்டு அட்டைகள் நிறைந்த பெட்டி. மேலே சுற்றிய கண்ணாடித் தாள் இன்னும் கிழிபடவில்லை.

பெட்டியின் வயதோ சிறுவனுடைய வயதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இம்பெல் நிறுவனம், மார்வெல் சித்திரக் கதைகளின் பாத்திரங்களைக்கொண்டு வெளியிட்ட முதலாவது தொகுதி அது. தொகுதியில் 162 அட்டைகள். அவற்றுக்கு மேலாக, சாய்த்துப் பார்த்தால் உருவம் எழுந்து நிற்பதுபோலத் தோன்றும் வெள்ளிநிற ஹோலோகிராம் அட்டைகள் ஐந்து. ஒரு பெட்டியில் 36 பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் 12 அட்டைகள். எந்தப் பொட்டலத்தில் எவர் இருக்கிறார் என்பது திறக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

பெட்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. "இதனை உடைக்க வேண்டாம். உடைக்காத பழைய பெட்டிகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகின்றது. இன்னும் பத்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தால் மருமகனின் மேற்படிப்புக்கு உதவும்" என்று மாமனார் எழுதியிருந்தார். தாய்க்குத் தமையனின் சொல் வேதவாக்கு. சிறுவனுக்கோ, கையிலே கொடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆயிற்று. தந்தையார் இரண்டு பக்கமும் பேச இயலாமல், "ஐயா, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று எம்மிடம் வழக்கைத் தள்ளிவிட்டார்.

தீர்ப்புக் கூறுமுன் வழக்கின் வரலாற்றை அறிய வேண்டுமல்லவா? வணிகப் பொருளோடு படம் அட்டை வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. மெல்லிய சிகரெட்டுப் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தார்கள். அதில் நடிகையர், போர்வீரர், பந்தாட்டக்காரர் முதலியோரின் படங்களை அச்சிட்டபொழுது, படத்துக்காகவே பெட்டியை வாங்குவோர் தோன்றினர். பின்னர் அட்டை சிகரெட்டை விட்டுச் சூயிங்கத்தோடு சேர்ந்தது. வாங்குவோரும் பெரியவர்களிலிருந்து சிறுவர்களாக மாறினர். சூப்பர்மேன் 1938இல் சித்திரக் கதையிலே பிறந்தார். 1940இலேயே சூயிங்கப் பொட்டலத்துக்குள் அட்டையாகப் புகுந்துவிட்டார்.

தமிழ்ச் சிறுவர்களுக்கும் இவ்வீரர்கள் அந்நியரல்லர். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், இங்கிலாந்தின் சித்திரக் கதை நாயகன் ஒருவனை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கித் தமிழ் பேசவைத்தது. நாம் சிறுவராயிருந்தபொழுது, அட்டை கிழிந்து பல கை மாறி வந்த அத்தகைய புத்தகம் ஒன்றுக்காக வரிசையில் காத்திருந்தது இன்றும் நினைவிலுள்ளது. அதனை எவரும் பூட்டி வைத்ததில்லை. பூட்டி வைத்திருந்தால் நாம் வாசித்திருக்க முடியாது.

எனினும், மாமனாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 1952இல் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பந்தாட்ட அட்டைகளுள் மிக்கி மான்டில் என்ற வீரரின் அட்டையொன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதன் பின்னேயுள்ள கதை வேடிக்கையானது. விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் படகிலேற்றி, 1960இல் அத்திலாந்திக் கடலிற் கொட்டுவித்ததாக, அவற்றை உருவாக்கிய சை பேர்கர் என்பவரே பிற்காலத்தில் கூறினார். எஞ்சியவை சில என்பதாலேயே விலை உயர்ந்தது. இதற்கு நேர்மாறானது 1990ஐ ஒட்டிய காலம். பழைய அட்டைகளின் விலையைக் கேட்டு மயங்கிய மக்கள் புதியனவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேமித்தார்கள். நிறுவனங்களும் மலைமலையாக அச்சிட்டுக் குவித்தன. எல்லாரும் சேமித்த பொருள் எப்படி அருமையாகும்? சந்தை சரிந்தது. அட்டை நிறுவனங்களையே விலைக்கு வாங்கியிருந்த மார்வெல், 1996 டிசெம்பரில் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. ஆகவே இப்பெட்டியின் விலை ஏறலாம், ஏறாமலும் விடலாம். பிள்ளையின் படிப்பை அதன்மேல் கட்டுவது மணல்மேற் கட்டும் வீடே.

நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த சிறுவனின் தாத்தா தலை நிமிர்ந்தார். "மூடிக் கிடக்கிறதை வாங்கிறது எங்கட ஆக்களுக்குப் புதிசில்லை, ஐயா. என்ர பாட்டன் மறிச்சுக்கட்டியில சிப்பி வாங்கினவர்" என்றார்.

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தைப் பெரியவர் தம் பாட்டனார் வாயாற் கேட்டிருக்கிறார். 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு மூழ்குவோருக்கு. மற்றைய இரண்டு பங்கும் அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டது. பெருவணிகர்கள் ஏலத்தில் எடுத்து, சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். ஏழை எளியவரோ, மூழ்குவோரிடம் சில்லறையாகச் சில சிப்பிகளை வாங்கி, அங்கேயே கத்தியாற் பிளந்து பார்ப்பர். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. பெரியவரின் பாட்டனாரும் அப்படித்தான் ஒரு நாட் கூலியைச் சிப்பியாக்கி, வெறுங்கையோடு திரும்பினாராம். ஆயினும் சாகும்வரை அவர் பேசியது இழந்த கூலியைப் பற்றியன்று. கடைசிச் சிப்பியைப் பிளக்குமுன் நெஞ்சு அடித்துக்கொண்ட அந்த நொடியைப் பற்றியே.

நம்பிக்கையை வாங்கியோர் ஏழைகள் மட்டுமல்லர். 1905இன் விளைச்சலைக் கண்டு, 1906இல் இலண்டன் கம்பனியொன்று 20 ஆண்டுகளுக்கு இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனி கலைந்தது. மூடிய சிப்பி, மூடிய பொட்டலம், மூடிய கடல் ஆகிய மூன்றினிடத்தும் மனிதன் விலை கொடுத்து வாங்குவது ஒரே பொருளைத்தான்.

எமது தீர்ப்பை நாம் சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை. அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மாவே அதனைச் சொல்லிவிட்டார். 1990ஆம் ஆண்டில், போர் மூண்டபொழுது, இக்கரையோரத்து மக்கள் பலர் இரவோடு இரவாக வள்ளமேறி இராமேசுவரத்துக்குச் சென்றனர். அம்மம்மாவும் பிள்ளைகளோடு அவ்வாறே சென்றவர். அன்று பத்து வயதாயிருந்த மகன்தான், பின்னர் கனடா சேர்ந்து இப்பொழுது பெட்டி அனுப்பியவர். புறப்படுமுன் கலியாணச் சேலைகளையும், பிள்ளைகளின் புத்தகங்களையும், மகன் ஆசையாகச் சேர்த்திருந்த சோகிகளையும் ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியை மடியிற் செருகிக்கொண்டாராம். ஆண்டுகள் கழித்துத் திரும்பியபொழுது சாவி இருந்தது; பெட்டகம் இல்லை.

"பூட்டி வைச்சிட்டுப் போனதில எதை நாங்கள் திரும்பிக் கண்டனாங்கள்? பிள்ளை இப்ப உடைக்கட்டும். தம்பியிட்ட நான் சொல்லிறன்" என்றார் அம்மம்மா. தாயார் மறுமொழி பேசவில்லை.

பாய் விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, அயல் வீட்டுப் பிள்ளைகளும் சூழ்ந்திருக்கச் சிறுவன் கண்ணாடித் தாளைக் கிழித்தான். முதற் பொட்டலத்தை அவன் உடனே பிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்தான், காதருகே வைத்து அசைத்தான், பின்பே பிரித்தான். ஸ்பைடர்மேன் வந்தபொழுது எழுந்த ஆரவாரம் கடற்கரைவரை கேட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் அவ்வீரர் ஈடுபட்ட போர்கள், வென்றவை, தோற்றவை, வெற்றி வீதம் என்பன அச்சிடப்பட்டிருந்தன. பள்ளியில் வீதக் கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள், எவருக்கு வெற்றி வீதம் கூடுதல் என்று தரையிற் கீறிச் சரிபார்த்ததை நாமே கண்டோம்.

பத்துப் பொட்டலம்வரை எல்லாம் புதியன. அதன் பின் இரட்டைகள் வரத் தொடங்கின. சிறுவனின் முகமும் சற்று வாடிற்று. இங்கே மாணவர்கள் அறியவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. நூறு வகை அட்டைகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றாகத் தற்செயலாகக் கிடைக்கின்றன என்றும் கொள்வோம். முதல் ஐம்பது வகையைச் சேர்க்கச் சராசரியாக 69 அட்டைகள் போதும். நூறு வகையையும் சேர்க்கவோ ஏறத்தாழ 519 வேண்டும். அவற்றுள் கடைசி ஒன்றுக்கு மட்டுமே சராசரியாக 100. முதற் பாதி மலிவு, முடிவு அரும்பாடு. இதனை விற்பவர் நன்கு அறிவார்; வாங்கும் பிள்ளையே அறியாது.

162 வகைக்கு இதே கணக்கைப் போட்டால், 432 அட்டைகளில் 151 வகைகள் கிடைக்கும்; 11 குறையும். எங்கள் பாயில் சற்றே நற்பேறு வீசியது: எட்டு மட்டும் குறைந்தன. ஒரு ஹோலோகிராம் அட்டையும் வந்தது. 270க்கு மேற்பட்டவை இரட்டைகள்.

சிறுவன் சிறிது நேரம் இரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு அவற்றைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்குச் சம பங்காகப் பிரித்துக் கொடுத்தான். "ஏன் தம்பி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாயே?" என்று கேட்டோம். "அவங்களிட்ட ஒண்டும் இல்லாட்டி நான் ஆரோட ஐயா மாத்திறது?" என்றான். பண்டமாற்றின் முதற் பாடத்தை நாம் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

மாலையில் ஊரின் புகழ்பெற்ற பெருக்கமரத்தைப் பார்க்கச் சென்றோம். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள அம்மரத்தின் அடியில் அதே பிள்ளைகள் கூடி, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை முறை மாற்றினாலும் குறைந்த எட்டும் அங்கே கிடைக்கப்போவதில்லை; எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையல்லவா? அதனைச் சிறுவனும் உணர்ந்திருந்தான். அன்றிரவு அவன் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். பெட்டியை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, குறைந்த எட்டு எண்களையும் வரிசையாக எழுதி, "நீங்கள் சிறுவயதில் சேர்த்தவற்றில் இவை இருந்தால், அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள், மாற்றுவதற்கு நான் சோகி சேர்த்து வைக்கிறேன்" என்று முடித்திருந்தான்.

அம்மம்மா அக்கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.