உஷார்! வீட்டில் செய்ததுதானே என்று குடித்துவிடாதீர்கள்!

சந்தாபுரா தாய்மார்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ் டிரேயை எந்தத் தண்ணீரில் நிரப்பினீர்கள்?

யோசித்துச் சொல்லுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர். சமைக்க ஃபில்டர் தண்ணீர். ஐஸுக்கு? பெரும்பாலான வீடுகளில் சிங்க் குழாயைத் திறந்து டிரேயை நீட்டிவிடுகிறோம். உறைந்துதானே போகப்போகிறது என்று நினைப்பு.

உறைந்தால் கிருமி சாகாது. தூங்கும், அவ்வளவுதான். டம்ளரில் ஐஸ் கரையக் கரைய அதுவும் விழித்துக்கொள்ளும்!

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். கோடை விடுமுறைக்குத் தர்மபுரியிலிருந்து அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். வீடு நிறைய சத்தம், வெளியே கொளுத்தும் வெயில். கடை ஜூஸ் வேண்டவே வேண்டாம், எல்லாம் வீட்டிலேயே செய்வோம் என்று அந்தத் தாய் முடிவெடுத்தாள். எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சிட்டிகை உப்பு. எல்லாம் நல்ல பொருள். கையைக் கழுவித்தான் பிழிந்தாள். தண்ணீர்கூட கேன் தண்ணீர்தான். ஐஸ் மட்டும் குழாய்த் தண்ணீர். அந்தக் குழாய்க்கு வருவது சம்ப்பில் நின்ற டேங்கர் தண்ணீர். புதினாவை அதே குழாயில் ஒரு முறை அலசினாள்.

மறுநாள் இரவு சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் மூன்று பிள்ளைகளுக்கும். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் இருந்த பெரியவர், "தண்ணி குடுக்காதம்மா, குடுக்கக் குடுக்கப் போகும். வயித்தைக் காயப்போடு, தானா நின்னுடும்" என்றார். அன்பில்தான் சொன்னார். அவள் கேட்டாள். மதியத்துக்குள் சின்னவன் கண் குழி விழுந்து, கூப்பிட்டால் முழிக்காமல் கிடந்தான். ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் பிள்ளை "அம்மா" என்றான்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி வெளியில் என்ன சாப்பிட்டான் என்பது. "வெளியில ஒண்ணுமே இல்ல டாக்டர், எல்லாம் வீட்டுல செஞ்சதுதான்" என்று அழுதாள் அவள். இரண்டாவது கேள்வி: "ஐஸ் போட்டீங்களா?"

பிள்ளை பிழைத்துவிட்டான். எல்லாப் பிள்ளைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரியாதா? சந்தாபுரா ஏரி கெட்டதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஓர் ஏரிக்கு 500 கோடி! காவேரிக் குழாய் வராத லேஅவுட்டுகளில் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி. டேங்கர்க்காரர் எந்தக் கிணற்றில் நிரப்பினார் என்று யாரும் கேட்பதில்லை. 2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். அந்த ஏப்ரலில் நகரத்தில் காலரா தலைகாட்டியது. ஒரு மருத்துவக் கல்லூரி மாணவியர் விடுதியில் 47 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நாளைய மருத்துவர்களுக்கே அந்தக் கதி.

ஆகவே ஐஸுக்கும் குடிநீர்தான். குமிழி தெறிக்கக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே கொதித்த பிறகு ஆறவைத்து, மூடியுள்ள டிரேயில் ஊற்றுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் தொழிற்சாலைக் கழிவின் ரசாயனம் காய்ச்சினாலும் போகாது. தண்ணீரில் நிறமோ வாடையோ தெரிந்தால் அது பாத்திரம் கழுவக்கூட வேண்டாம். புதினா, கொத்தமல்லியைக் கட்டைப் பார்த்து எந்த ஏரிக்கரையில் விளைந்தது என்று சொல்ல முடியாது. பச்சையாகப் பானத்தில் போடும் இலையை இரண்டு மூன்று முறை மண் போக அலசி, கடைசி அலசலைக் குடிநீரில் செய்யுங்கள். கேன் தண்ணீர் என்றால் டிஸ்பென்சர் குழாயின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வழவழப்பு தட்டுப்பட்டால் அது பாசி. கேன் சுத்தமாக இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் கேளுங்கள். டைபாய்டு காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஒரு மாதம்கூட ஒளிந்திருக்கும். அதற்குள் எந்த ஜூஸ், எந்த ஐஸ் என்பதே மறந்துபோகும். "நாங்க இவ்வளவு நாளா குடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

இந்த அறிகுறிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழுகிறது, கண்ணீர் வரவில்லை. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. கண் குழி விழுந்திருக்கிறது. வாய் வறண்டு ஒட்டுகிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத்தான் திரும்புகிறது. மலத்தில் ரத்தம். குடித்ததெல்லாம் வாந்தி. தூங்கித் தூங்கி விழுகிறது.

இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

அதுவரைக்கும் தண்ணீரை நிறுத்தாதீர்கள்! தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்! ஒவ்வொரு முறை போனதும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசல். ஸ்பூன் ஸ்பூனாக, அவசரப்படாமல். பாக்கெட் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவு போடாதீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு அதுவே ஆபத்து. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

மருந்துக் கடையில் அட்டை டப்பாவில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் விற்றதெல்லாம் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான் இருக்க வேண்டும். அந்தப் பானங்களில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. மிதமிஞ்சிய சர்க்கரை பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாளாக நின்று போராடினார். 2025 அக்டோபரில் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்த அம்மாவுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். நீங்கள் வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பாருங்கள்.

பயமுறுத்துகிறேனே, பிள்ளைகளுக்கு என்னதான் கொடுப்பது என்கிறீர்களா? கொடுங்கள், நிறையவே இருக்கிறது. காய்ச்சிய பாலில் உறைந்த தயிரைக் கடைந்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர். ராமநவமிக்கு இந்த ஊர்த் தெருவெல்லாம் கொடுக்கிறார்களே, அந்தப் பானகம்: வெல்லத்தைக் கொதிநீரில் கரைத்து வடிகட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சை. மாங்காயை வேகவைத்துப் பிசைந்த பானம். ராகிக் கூழ். இளநீர், வெட்டியதும் குடித்தால். ஐஸ் வேண்டும் என்பதே இல்லை. மண்பானை போதும், பானையைத் தினமும் கழுவினால். கோசம்பரி செய்தால் ஊறிய பாசிப்பருப்பு வேகாதது என்பதை மறக்காதீர்கள். ஊறவைப்பதும் குடிநீரில், சாப்பிடுவதும் கலந்த கையோடு. காலையில் கலந்ததை மாலைக்கு வைக்காதீர்கள். மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் செம்புப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். புளிப்பு பட்டால் செம்பு களிம்பேறும், குடித்தால் வாந்திதான்.

சாதத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

காலையில் லெமன் ரைஸ், புலாவ் செய்து, மீந்ததை அடுப்பு மேலேயே மூடி வைக்கிறோம். வேலை முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர் இரவு எட்டு மணிக்கு அதைச் சூடுபண்ணிச் சாப்பிடுகிறார். அரிசியில் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் விதை இருக்கும். சோறு வேகும்போது அந்த விதை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்கும்.

அந்த நஞ்சை எந்த அடுப்பும் அழிக்காது. நீங்கள் சூடுபண்ணுவது நஞ்சையும் சேர்த்துத்தான்!

2008இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பாகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அன்று மாலையே வாந்தி. மறுநாள் காலை படுக்கையில் இறந்து கிடந்தார். ஐந்து நாள் நாம் வைப்பதில்லைதான். ஆனால் அது குளிர்நாடு. நம் கோடையில் அரை நாளே அதிகம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கரன்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சோறு, பால், கறிக்குழம்பு எதையும் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். இந்த நஞ்சுக்கு வாடை கிடையாது. கொட்டிவிடுங்கள். கொட்ட மனசு வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கொட்டுங்கள்.

இனிப்பு வகையில் மூன்றே மூன்று சொல்கிறேன். சாக்லேட் மூஸ், வீட்டு ஐஸ்கிரீம், டிராமிசு என்று வீடியோ பார்த்துச் செய்கிறீர்கள். அதில் பச்சை முட்டை இருந்தால் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளம் 2023இலும், தெலங்கானா 2024இலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் தடை போட்டது சும்மா இல்லை. சால்மோனெல்லா கிருமி அப்படி. கஸ்டர்ட் காய்ச்சிச் செய்யுங்கள். இரண்டாவது, கேசரிக்கும் ரோஸ்மில்க்குக்கும் லேபிள் இல்லாத பொட்டலக் கலர் பொடி. கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் ரோடமின்-பி போன்ற சாயங்களைக் கண்டுபிடித்துத்தான் 2024 மார்ச்சில் கர்நாடகம் தடை விதித்தது. துணிக்குப் போடும் சாயம் அது! பீட்ரூட் சாறு, குங்குமப்பூ போதாதா? மூன்றாவது, பிறந்தநாளுக்குப் புகை வரும் இனிப்பு. பெங்களூரிலேயே ஒரு கல்யாணத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றிய பீடாவைச் சாப்பிட்ட 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. புகை அழகுதான். பிள்ளை வாயில் மட்டும் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னாலும் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சுரைக்காய் ஜூஸ்.

வெயிலுக்குக் குளிர்ச்சி, சர்க்கரைக்கு நல்லது, எடை குறையும் என்று பார்க் வாக்கிங் போகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 2010இல் டெல்லியில் 59 வயது அறிவியலாளர் ஒருவர், நெடுநாளாக இந்த ஜூஸைக் குடித்துவந்தவர், ஒரு நாள் சுரைக்காய்ச் சாற்றோடு பாகற்காய்ச் சாறும் சேர்த்துக் குடித்தார். கசந்தது. பாகற்காய் கசப்புதானே என்று யாருக்கும் தோன்றும். ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். உடன் குடித்த மனைவி நோயுற்றுப் பிழைத்தார். படித்த மனிதர், பழகிய பானம், சொந்த வீட்டுச் சமையலறை!

சுரை, வெள்ளரி, பீர்க்கை இனத்தில் சில காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு ஏறிவிடும். வெளித்தோற்றத்தில் தெரியாது. கசப்பு ஒன்றுதான் அடையாளம். வேகவைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் 79 வயது முதியவர் தோட்டத்து ஸுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டே இறந்தார். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே குழு அமைத்து ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது.

எனவே சுரைக்காயோ வெள்ளரியோ, நறுக்கியதும் நுனியில் சின்னத் துண்டு எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுதாகக் குப்பையில் போடுங்கள். பாதியை வெட்டிப் போட்டு மீதியைக் குழம்பில் சேர்க்காதீர்கள். சுரைக்காய்ச் சாற்றோடு வேறு எந்தச் சாற்றையும் கலக்காதீர்கள், கசப்பு ஒளிந்துகொள்ளும். "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், மூக்கைப் பிடிச்சுக் குடி" என்று வயதானவர்களுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கிறதா, வாந்தி வருகிறதா, தலை சுற்றுகிறதா, வாந்தியில் ரத்தம் தெரிகிறதா? மோர் குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். எத்தனை டம்ளர் குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மீதிச் சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராக ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தார் என்று முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.