மானுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது?

திருப்பூர் மாவட்டச் சாமளாபுரத்தில் குளம் உண்டு, நொய்யல் உண்டு, விசைத்தறி உண்டு. காட்டு மான் கிடையாது. ஆனால் அவிநாசியை அடுத்த புதுப்பாளையம் பக்கம் போனால் புள்ளிமான்களைப் பார்க்கலாம். மேற்கே, நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலைக்காடுகளில் மானோடு காட்டுமாடும் யானையும் இருக்கின்றன. காட்டோரத்தில் மானும் வெள்ளாடும் மேய்வது ஒரே புல்லை, தண்ணீர் குடிப்பது ஒரே குட்டையில். மானின் நோய் பட்டிக்கு வரலாம். பட்டியின் நோய் மானுக்குப் போகலாம்.

‘ஜோம்பி மான்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் தெரியவந்த, மூளையை அரிக்கும் அந்த நோய் இந்திய மான்களில் பதிவானதில்லை. ஆனால் அங்கே கண்காணிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. வேட்டைப் பருவத்தில், சுட்ட மானின் தலையை வேட்டைக்காரரே கொண்டுவந்து கொடுக்கிறார். தொண்டையிலுள்ள நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். உயிரோடு பிடித்துச் சோதிக்கலாமென்றால், புள்ளிமான் பிடிபட்ட அதிர்ச்சியிலேயே செத்துப்போகக்கூடிய பிராணி. ஆகவே நம் வனக் கால்நடை மருத்துவருக்கு மிஞ்சுவது செத்த மான், புழுக்கை, உண்ணி மூன்றும்தான்.

உண்ணி பிடிக்கும் முறை எளிது. வெள்ளைத் துணியைப் புதரிலும் புல்லிலும் இழுத்துக்கொண்டே நடந்தால் உண்ணிகள் அதில் ஏறிக்கொள்ளும். (திருப்பூர்க்காரர்களுக்குத் துணிக்கா பஞ்சம்!) குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் இளம் உண்ணிகள் மழை ஓய்ந்தபின் பெருகும் என்பதால், முதுமலை போன்ற காடுகளில் பனிக்காலம் தொடங்கிக் கோடை வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

கோடையில் அஞ்சவேண்டியது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). புல் காய்ந்து கட்டையாகிவிடும்போது மான் மண்ணோடு சேர்த்துக் கடிக்கிறது. காய்ந்த தாள் வாயைக் கீறுகிறது. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும் அடைப்பான் வித்துகள் அந்த வழியாக உள்ளே போகின்றன. வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையும் அவற்றை மேலே கொண்டுவரும். 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டிக் காட்டில் ஒரு பெண் யானை இந்த நோயால் இறந்தது. 2022 மார்ச்சில் சென்னை ஐஐடி வளாகத்தில் மான்கள் இறந்தபோது, ஒன்றில் அடைப்பான் உறுதியானது. நகரத்து நடுவில்!

வழக்கமாகச் செத்த விலங்கை அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். அடைப்பானில் அப்படிச் செய்யவே கூடாது. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் கசிந்திருந்தால் கத்தியை எடுக்காமல், காதுநுனி ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உடலைத் திறந்தால் கிருமிக்குக் காற்றுப் பட்டு வித்தாக மாறி, அந்த இடமே விஷமாகிவிடும். உறுதியானால் எரிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

எதிர்த்திசையில், பட்டியிலிருந்து காட்டுக்கு நோய் போன கதை இன்னும் கொடியது. 1968இல் மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய் பரவியபோது முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். ஒழித்தது வளர்ப்பு மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசி. காட்டுக்குள் போய் யாரும் ஊசி போடவில்லை.

மானைக் காப்பாற்ற இன்றும் இதைவிட மலிவான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி இருக்கிறது. தடுப்பூசி முகாம் அன்று ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடுகிறவர், தன் பட்டியோடு பக்கத்துக் காட்டையும் ஆபத்தில் விடுகிறார்.

கண்காணிப்பில் முதல் ஆள் பெரும்பாலும் அதிகாரி அல்ல, ஆடு மேய்ப்பவர்தான். காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் மானைக் கண்டால் தொடாதீர்கள், நாயை அண்டவிடாதீர்கள், கறிக்கு ஆசைப்படாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதே சமயத்தில் உங்கள் ஆடுமாடுகளுக்கும் நோய் கண்டால், கால்நடை அவசர உதவி எண் 1962ஐ அழையுங்கள்.