ஓர் எந்திரம், இரு வாயில்

கடலூர் முதுநகரிலுள்ள துறைமுகச் சந்திப்பிலிருந்து மூன்று திசைகளில் இருப்புப் பாதைகள் பிரிகின்றன. வடக்கே விழுப்புரம், தெற்கே சிதம்பரம், மயிலாடுதுறை, மேற்கே நெய்வேலி, விருத்தாசலம். நிலையம் ஒன்றே, பாதைகள் மூன்று. எவ்வூருக்கு எப்பாதை என்னும் தெளிவு உள்ளவரை குழப்பமில்லை. ஒரு கணினிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிணைய அட்டைகள் அமைப்பதன் நுட்பமும் இதுவே.

கணினியொன்றின் உள்ளே மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியை மெய்நிகர் எந்திரம் என்கிறோம். மெய்க்கு நிகரானது என்னும் பொருள் இதற்கு மிகவும் பொருந்தும். அதனுள் இயங்கும் இயங்குதளம் தன்னை முழுக் கணினியாகவே கொள்கிறது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் பெருங்கணினிகளுக்கு அறிமுகப்படுத்திய வி.எம்./370 இவ்வகையினது. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் இதனை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களால், ஒரே கணினி உடைய மாணவரும் ஒரு வலையமைப்பையே அமைத்துப் பயிலலாம்.

ஓர் அட்டை போதாதா என வினவலாம். மாணவர்தம் மதிப்பெண்கள் ஒரு மெய்நிகர் எந்திரத்தில் உள்ளன எனக் கொள்வோம். அதன் மென்பொருளைப் புதுப்பிக்க இணையம் வேண்டும். மதிப்பெண்களையோ உரியவர் மட்டுமே தொட வேண்டும். இரண்டையும் ஒரே வாயிலில் விடுவது முறையன்று. எனவே வெளியுலகிற்கு ஒன்று, அகத்திற்கு ஒன்று என இரு வாயில்கள் வைக்கிறோம்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஓர் எந்திரத்திற்கு எட்டு அட்டைகள் வரை அமைக்க இயலும். முதலில் எந்திரத்தை நிறுத்த வேண்டும். அமைப்புகளில் பிணையம் என்னும் பகுதியைத் திறந்து, முதல் அட்டைக்கு ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றுமுறையைத் தெரிவு செய்யலாம். இதற்கு இயல்பாக 10.0.2.15 என்னும் முகவரி தானே கிடைக்கும். உள்ளிருந்து வெளியே செல்லலாம், வெளியார் தாமாக உள்ளே நுழைய இயலாது. இரண்டாம் அட்டைக்கு ‘ஹோஸ்ட் ஒன்லி’ முறையைத் தெரிவு செய்தால், தாய்க் கணினியும் அதே பிணையத்திலுள்ள பிற மெய்நிகர் எந்திரங்களும் மட்டுமே அதனோடு பேசும். இதற்கு 192.168.56.10 என்னும் முகவரியையும் 255.255.255.0 என்னும் வலை மறைப்பையும் நாமே கொடுக்கலாம். இவ்விரு முகவரிகளும் 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் தனிப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகளைச் சார்ந்தவை.

பலரும் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான். இரண்டாம் அட்டைக்கும் நுழைவாயில் முகவரி கேட்கப்படும். அதனை வெறுமையாக விட வேண்டும். நுழைவாயில் என்பது, வழி தெரியாத பயணியிடம் ‘விழுப்புரம் சென்று கேளுங்கள்’ என்பது போன்றது. அவ்வாறு இருவர் இரு திசைகளைக் காட்டினால் என்னாகும்? ஒரு வாயிலில் வந்த வினாவிற்கு மறு வாயில் வழியே விடை செல்லும். கேட்டவர் காத்துக் கிடப்பார். இரு அட்டைகளுக்கும் ஒரே வலைத்தொகுதியில் முகவரி தருவதும் இத்தகைய குழப்பத்தையே விளைக்கும். லினக்ஸில் ‘ஐபி ரூட்’ என்னும் கட்டளையை இட்டால் பாதை அட்டவணை தோன்றும். அதில் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரி ஒன்றே இருத்தல் வேண்டும்.

வாயில் இரண்டு வைத்ததனாலேயே காவல் அமைந்துவிடாது. பல மென்பொருள்கள் எல்லா அட்டைகளிலும் செவிசாய்க்கும் இயல்பின. மதிப்பெண்களைக் காக்கும் தரவுத்தளம் 192.168.56.10 என்னும் முகவரியில் மட்டுமே செவிசாய்க்குமாறு நாம் பணிக்க வேண்டும். தீச்சுவரையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். ‘நாட்’ முறையை நம்பிச் சோம்பியிருந்து, பின்னாளில் முதல் அட்டையை நேரடிப் பிணைப்பிற்கு மாற்றினால், அடைபடாத கதவு அன்றே வெளியாருக்குத் திறந்துவிடும்.

ஆதலின் ஒவ்வோர் அட்டையையும் சேர்க்குமுன் நாம் தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொள்வோம்: இது யாருக்கு? இதன் முகவரித் தொகுதி எது? இதன் வழியே உள்ளே வர உரியவர் யார்? விடை எழுத இயலாத அட்டை நமக்கு வேண்டுவதன்று.