பந்து சோறு போடுமா?

“பெண்பிள்ளைக்குப் பந்து சோறு போடுமா?” விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. எட்டாம் வகுப்பு வரை மைதானத்தில் மான்போல் ஓடிய தோழியர் பலர், பத்தாம் வகுப்பை எட்டுமுன் ஆட்டத்தை விட்டுவிடுகின்றனர். பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு கடல் கடந்து சென்ற ஓர் இந்தியப் பெண்ணின் வாழ்க்கை, இக்கேள்விக்கு நல்ல விடையாகும்.

அவர் பெயர் நங்கோம் பாலா தேவி. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் பிறந்தார். சிறுவர்களோடு பந்து உதைத்துப் பழகிய அவர், 15ஆவது வயதிலேயே இந்திய அணியில் இடம்பெற்றார். பின்பு மணிப்பூர் காவல்துறையில் பணியும் கிடைத்தது.

அவர் ஆடுவது ‘ஸ்டிரைக்கர்’ என்னும் முன்கள இடம். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோல் வாயிலுள் பந்தைச் செலுத்துவதே இவரது முதற்கடமை. எதிரணிக் காவலர்களை முந்திக்கொண்டு முன்னமே போய் நின்றால் ‘ஆஃப்சைடு’ ஆகிவிடும். தோழி பந்தைத் தட்டும் கணம் பார்த்துப் பாய வேண்டும். ஆகவே கால் வேகத்தினும் காத்திருக்கும் பொறுமையே பெரிது.

2019 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று, 1872இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் கழகத்தின் தேர்வில் கலந்துகொண்டார். 2020 ஜனவரியில் 18 மாத ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது அவருக்கு வயது 29! ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் கால்பந்து வீராங்கனை அவரே.

ஒப்பந்தம் என்றால் என்ன? முன்பு சரவெடி பின்னிய நம் தாய்மாருக்கு, எத்தனை சரம் என்று எண்ணிக் கூலி தரப்பட்டது. ஒப்பந்த ஆட்டக்காரருக்கோ கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் பேசிய காலத்திற்குச் சம்பளம் உண்டு. அதற்கு ஈடாக நாள்தோறும் பயிற்சி, அளவான உணவு, பயிற்சியாளர் சொற்படி நடத்தல் ஆகியவை கடமை.

சென்றவுடன் புகழ் வந்துவிடவில்லை. கொரோனாத் தொற்றால் ஆட்டங்கள் நின்றன. ஏறத்தாழ பத்து மாதம் காத்திருந்தபின், 2020 டிசம்பர் 6ஆம் நாள் மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தம் முதல் கோலை அடித்தார். பின்பு முழங்காலில் காயம். அதனால் 2022இல் இந்தியாவிலேயே நடந்த ஆசியக் கோப்பையில் ஆட இயலவில்லை. ஆயினும் மீண்டும் வந்தார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கான தம் 50ஆவது கோலை அடித்தபோது அவருக்கு வயது 34.

இது மணிப்பூருக்கு மட்டும் உரிய பெருமையா? அன்று. 2018இல் தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில் மணிப்பூரை வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது தமிழ்நாடு. 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது நம் அண்டை ஊரான மதுரையின் சேது அணி. கடலூரின் இந்துமதி கதிரேசன், இந்திய அணியில் ஆடியதோடு தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார்.

எல்லோரும் கிளாஸ்கோ செல்ல முடியாது; காயம் எவரையும் நிறுத்தலாம். எனவே படிப்பைக் கைவிடலாகாது. ஆனால் படிப்பின் பெயரால் பந்தையும் கைவிட வேண்டுவதில்லை. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை ஆண்டவர் பாராட்டவில்லை என்பதை நாம் அறிவோம். கால்களில் உள்ள திறமையும் அவர் தந்த தாலந்தே. தோழியரே, மாலை மணி அடித்ததும் மைதானத்திற்கு வாருங்கள்; பத்தாம் வகுப்பிலும் வாருங்கள்!