மூன்று பேர், நூறு குரல்!

பெரிய பாடகர் கூட்டமே சேர்ந்து பாடுவது போலக் கேட்கும் ஒரு பாட்டு. பாடியவர்களோ மூன்றே பேர்! அது எப்படி, குட்டீஸ்?

1975இல் இங்கிலாந்தின் ‘குயீன்’ ராக் குழு ஓர் ஆல்பம் தயாரித்தது. அதிலிருந்து முதலில் வெளியிட்ட பாட்டு ‘பொஹீமியன் ராப்சடி’. அதன் நடுவில் வரும் ஆபரா (மேலைநாட்டு இசை நாடகப் பாணி) பகுதியைப் பாடியவர்கள் பிரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர்.

அந்தக் காலத்தில் பாட்டைக் காந்த நாடாவில்தான் பதிவு செய்வார்கள். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசியிருக்கும். நாம் பாடினால் காற்று அதிர்கிறது அல்லவா? மைக் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றும். அந்த மின்சாரம் ஒரு குட்டி மின்காந்தத்துக்குள் பாயும். அதை உரசியபடி ஓடும் நாடாவின் துகள்கள், குரல் ஏறி இறங்குவதற்கு ஏற்பக் காந்தமாகும்.

நாடாவில் 24 தடங்கள் இருந்தன. நெடுஞ்சாலையில் பல வண்டிகள் தனித்தனி வரிசையில் போவது போல, ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியாகப் பதியலாம். மூவரும் பாடிய பல தடங்களைக் கலந்து ஒரே தடத்துக்கு மாற்றுவார்கள். பழைய தடங்களை அழித்துவிட்டு, அங்கே மறுபடியும் பாடுவார்கள். இப்படியே குரல்கள் பெருகின. ஆபரா பகுதிக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் ஆனது!

ஒரே பதிவை நகல் எடுத்துச் சேர்த்தால் போதாதா? போதாது! அப்போது சத்தம்தான் கூடும். ஒருவரே இரண்டு முறை பாடினாலும் சுருதியும் நேரமும் இம்மியளவு மாறும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் நம் காதுக்குக் ‘கூட்டம்’ என்று சொல்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நாடா திரும்பத் திரும்ப உரசி ஓடியதால் துகள்கள் உதிர்ந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு நாடா தேய்ந்துவிட்டதாம்! இதைச் சொன்னவர் பிரையன் மே.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு செல்போனில் ஒரு வரி பாடிப் பதியுங்கள். அதை ஒலிக்கவிட்டு, கூடவே பாடி, இன்னொரு செல்போனில் பதியுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஐந்து முறை செய்தால், குரல்களோடு இரைச்சலும் எப்படிக் கூடுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.